ஊசலும் விரிசலும்: பற்றவைத்த எஃகின் முறிவைச் சோதித்த வரலாறு

எஃகு முறிவதற்கு முன் வளையும், வளைவதைக் கண்டு மனிதர் விலகிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் மீதே எஃகுக் கட்டுமானப் பொறியியல் முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் குளிர், கூரிய காடி அல்லது விரிசல், தடித்த தகடு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது அதே எஃகு எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கண்ணாடியைப் போல் பிளந்துவிடும். இதை 19ஆம் நூற்றாண்டின் இருப்புப்பாதைப் பொறியாளர்களே குளிர்காலத்தில் உடைந்த தண்டவாளங்களிலும் அச்சுகளிலும் கண்டிருந்தபோதிலும், தறையாணிகளின் இடத்தைப் பற்றவைப்பு, அதாவது வெல்டிங், பிடித்துக்கொண்ட பிறகே இது பெருங்கப்பல்களையும் பாலங்களையும் பறிக்கும் சிக்கலாக வளர்ந்தது. இந்த ஆபத்தை அளப்பதற்கு இரு வகைச் சோதனைகள் தோன்றின. முதலாவது, சிறு துண்டொன்றை ஒரே அடியில் உடைத்து அதற்குச் செலவான ஆற்றலைக் கூறும் மோதல் சோதனை. இரண்டாவது, விரிசல் உள்ள துண்டொன்றை மெல்ல வளைத்து, அவ்விரிசல் எந்த நிலையில் பாய்ந்தோடத் தொடங்குகிறது என்று கூறும் முறிவெதிர்ப்புத் திறன் சோதனை. இரண்டும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்ற எண்ணம் தொழிற்கூடங்களில் இன்றும் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் தவறானது என்பதை இச்சோதனைகள் பிறந்த வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

மோதல் சோதனையின் கருவி ஓர் ஊசல். குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி விடப்படும் கனத்த சுத்தியல் கீழே வரும்போது இரு தாங்கிகளின் மேல் வைக்கப்பட்ட எஃகுத் துண்டை உடைத்துவிட்டு மறுபுறம் ஏறும். தொடங்கிய உயரத்துக்கும் மறுபுறம் எட்டிய உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து துண்டை உடைக்கச் செலவான ஆற்றல் கிடைக்கும். இத்தகைய ஊசல் கருவியை 1898இல் அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் விவரித்தார். 1901இல் பிரெஞ்சு உலோகவியலாளர் ஜார்ஜ் சார்ப்பி அதைச் செம்மைப்படுத்தி வெளியிட்டதோடு, சோதனையை ஒரே நெறிப்படி அனைத்து நாடுகளும் செய்ய வேண்டும் என்பதற்காகவும் உழைத்ததால் அவர் பெயரே நிலைத்தது. 1903இல் இங்கிலாந்தின் ஐசாட் என்பவர், துண்டின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொள்ளும் மற்றொரு வடிவத்தை முன்வைத்தார்; அது நெடுங்காலம் வழக்கிலிருந்து, பல வெப்பநிலைகளில் விரைந்து சோதிப்பதற்கு வசதியற்றதாக இருந்தமையால் பின்தங்கியது. இன்று உலகெங்கும் வழங்கும் சார்ப்பித் துண்டு 10 மி.மீ. சதுர வெட்டுமுகமும் 55 மி.மீ. நீளமும் உடையது. அதன் நடுவில் 2 மி.மீ. ஆழத்தில், 45 டிகிரி கோணத்தில், அடியில் 0.25 மி.மீ. ஆரமுள்ள காடி வெட்டப்பட்டிருக்கும். சுத்தியல் நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் அதைத் தாக்கும். விலை குறைவு, விரைவு அதிகம். குளிர்நீர்மத்தில் வைத்தெடுத்த துண்டைச் சில நொடிகளுக்குள் உடைத்துவிடலாம். இந்த எளிமையே சோதனையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

அதன் குறைபாடும் அந்த எளிமையிலேயே அடங்கியிருக்கிறது. வெட்டப்பட்ட காடி எவ்வளவு கூரியதாயினும் விரிசல் ஆகாது. எனவே கிடைக்கும் ஒற்றை எண்ணில், விரிசலைப் புதிதாகத் தோற்றுவிக்கச் செலவான ஆற்றலும் தோன்றிய விரிசலை ஓட்டுவதற்குச் செலவான ஆற்றலும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. அந்த எண்ணை எந்தக் கணக்கிலும் இட்டு ஒரு பாலம் இவ்வளவு சுமை தாங்கும் என்று கூறவும் இயலாது. இரு எஃகுகளில் எது மேல் என்று ஒப்பிடவும், வெப்பப் பதப்படுத்தல் சரியாக நடந்ததா என்று சரிபார்க்கவும் மட்டுமே அது பயன்படும் என்பதால், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கப்பல் தகட்டுக்கும் பாலத் தகட்டுக்கும் மோதல் சோதனை வேண்டும் என்று பெரும்பாலோர் கருதவில்லை. இழுவலிமையும் நீட்சியும் போதும் என்று கொண்டனர்.

தறையாணிக் கட்டுமானத்தில் அந்த மனநிறைவுக்கு ஓரளவு நியாயம் இருந்தது. ஒரு தகடு பிளந்தாலும் விரிசல் அதன் ஓரத்தை எட்டியதும் நின்றுவிடும். அடுத்த தகடு தனித் தகடு. பற்றவைத்த கட்டுமானமோ முழுவதும் ஒரே உடல். ஓரிடத்தில் தொடங்கிய விரிசலுக்கு இணைப்புகள் தடையாகாமல் பாதையாகின்றன. அதோடு, உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அச்சுருக்கத்தைத் தடுப்பதால், வெளிச்சுமை எதுவும் இல்லாத நிலையிலும் இணைப்பினுள் எஃகின் இளகுநிலையை, அதாவது அது நிலையாக வடிவம் மாறத் தொடங்கும் எல்லையை, எட்டுமளவு இழுவிசை தேங்கிவிடுகிறது. இதற்கு எஞ்சு தகைவு என்று பெயர். பற்றின் இரு ஓரங்களிலும் உருகாமல் கடுவெப்பத்தை மட்டும் கண்ட சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையில் எஃகின் படிகங்கள் பெருத்து அதன் இயல்பும் மாறுகிறது. இது வெப்பம் பாதித்த பகுதி எனப்படும். பெல்ஜியத்தின் ஆல்பர்ட் கால்வாயின் மீது ஹாசெல்ட் நகரில் கட்டப்பட்ட, 74.5 மீட்டர் நீளப் பற்றவைத்த பாலம் திறக்கப்பட்டு ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்த நிலையில் 1938 மார்ச் 14 அன்று உடைந்து நீரில் விழுந்தது. 1940 ஜனவரிக் கடுங்குளிரில் அதே வகையைச் சேர்ந்த மேலும் இரு பாலங்கள் விரிசல் கண்டன. போர் மூண்டுவிட்டதால் இந்த எச்சரிக்கை பரவலாக உள்வாங்கப்படவில்லை.

போர்தான் அடுத்த பாடத்தையும் மிகப் பெரிய அளவில் கற்பித்தது. மூழ்கடிக்கப்படும் வேகத்தைவிட விரைவாகச் சரக்குக் கப்பல்களைக் கட்டியாக வேண்டிய நெருக்கடியில் அமெரிக்கா பற்றவைப்பை நாடி, 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. அவற்றுடன் டி-2 எனப்படும் எண்ணெய்க் கப்பல்களும் விக்டரி கப்பல்களும் சேர்ந்தன. ஆரெகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் கட்டி முடிக்கப்பட்டுச் சோதனை ஓட்டமும் முடித்திருந்த ஸ்கெனெக்டடி என்னும் டி-2 கப்பல், 1943 ஜனவரி 16 அன்று இரவு, அமைதியான நீரில் துறையில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோதே பேரோசையுடன் மேல்தளத்திலிருந்து இருபக்கமும் பிளந்து, அடித்தகட்டை மட்டும் கீலாகக் கொண்டு இரண்டாக மடிந்தது. காற்றின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 3 டிகிரி. நீரின் வெப்பம் 4 டிகிரி. மேல்தளத்தில் அப்போது நிலவியதாகக் கணக்கிடப்பட்ட தகைவு ஏறத்தாழ 70 மெகாபாஸ்கல். அது எஃகின் இழுவலிமையில் ஆறில் ஒரு பங்கு அளவே. ஒரு பரப்பலகில் தாங்கப்படும் விசையே தகைவு எனப்படும். வழக்கமான வடிவமைப்புக் கணக்கின்படி அந்தக் கப்பலுக்கு எந்த ஆபத்தும் இருந்திருக்கக் கூடாது. போருக்குப் பின் 1946இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, ஆராயப்பட்ட 4,694 பற்றவைத்த வணிகக் கப்பல்களில் 970 கப்பல்கள் விரிசல் கண்டன என்று பதிவு செய்தது.

முதலில் பழி பற்றவைப்பாளர்கள் மீதே விழுந்தது. அவசரத்தில் பயிற்சி பெற்றவர்கள் பலர், குறைபட்ட பற்றுகளும் இருந்தன. சரக்கறை வாய்களின் சதுர மூலைகளில் தகைவு குவிந்ததும் உண்மை. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், பிரச்சினையின் வேர் எஃகிலேயே இருக்கிறது என்று நிறுவினார். ஒவ்வொரு எஃகுக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு; அதற்கு மேலே அது இழுபட்டுக் கிழியும், அதற்குக் கீழே நொறுங்கிப் பிளக்கும். மாறுநிலை வெப்பநிலை எனப்படும் இந்த எல்லை, அக்காலக் கப்பல் எஃகுகளில் வட அட்லாண்டிக்கின் குளிர்கால வெப்பநிலைக்கு மேலேயே அமைந்திருந்தது. தறையாணிக் கப்பல்களிலும் அதே எஃகுதான் இருந்தது. அங்கே விரிசல் தகட்டோரத்தில் நின்றதால் அதன் குறை வெளிப்படவில்லை. டிப்பரின் பெயர் கப்பல் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுவது பெருங்குறை; பற்றவைப்புத் தொழிலைத் தவறான தீர்ப்பிலிருந்து மீட்டவர்களுள் முதன்மையானவர் அவர்.

அதே ஆண்டுகளில் அமெரிக்கத் தேசியத் தர அளவீட்டுப் பணியகம் உடைந்த கப்பல்களிலிருந்து வெட்டியெடுத்த தகடுகளை மூன்று குழுவாகப் பிரித்தது: விரிசல் பிறந்த தகடுகள், விரிசல் ஊடுருவிச் சென்ற தகடுகள், விரிசல் வந்து நின்ற தகடுகள். முறிவு நேர்ந்த வெப்பநிலையில் இவை ஒவ்வொன்றின் சார்ப்பி ஆற்றலையும் அளந்தபோது, விரிசல் பிறந்த தகடுகள் ஏறத்தாழ அனைத்தும் 15 அடி-பவுண்டு, அதாவது 20 ஜூல் என்ற எல்லைக்குக் கீழே நின்றன. விரிசலை நிறுத்திய தகடுகளில் பல அதற்கு மேலே இருந்தன. நாற்பது ஆண்டுகளாகத் தர ஒப்பீட்டுக்கு மட்டும் உதவிய ஊசலின் எண்ணுக்கு, உண்மையான கட்டுமானத்தின் வாழ்வோடும் சாவோடும் தொடர்பு கிடைத்தது இங்கேதான். இன்று கட்டுமான எஃகின் தர ஆவணங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் 27 ஜூல், அதாவது 20 அடி-பவுண்டு, என்ற எண் இந்த மரபில் வந்ததாகும். எந்தக் கோட்பாட்டிலிருந்தும் அது வருவிக்கப்படவில்லை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட தடிமனில், குறிப்பிட்ட வலிமையில் உருட்டப்பட்ட தகடுகளின் அனுபவத்திலிருந்து அது வடித்தெடுக்கப்பட்டது. அதே எண்ணை இருமடங்கு வலிமையுள்ள எஃகுக்கோ, நான்கு மடங்கு தடித்த தகட்டுக்கோ மாற்றமின்றிப் பொருத்துவதற்கு அந்தக் கப்பல்கள் எந்த அதிகாரமும் தரவில்லை. இந்த வரம்பு மறக்கப்படும்போதெல்லாம் சோதனைச் சான்றிதழ் காப்பாகாமல் வெறும் காகிதமாகிவிடுகிறது.

விரிசலுக்கும் வலிமைக்கும் இடையே கணக்கிடத்தக்க உறவு உண்டு என்பதை 1920ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய கிரிஃபித் கண்ணாடியில் காட்டியிருந்தார். விரிசல் நீளும்போது பொருளிலிருந்து விடுபடும் மீள்தகை ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலுக்கு ஈடானால் விரிசல் தானே ஓடும் என்பது அவர் கண்டது. எஃகிலோ விரிசலின் முனை நொறுங்குவதற்கு முன் சிறிதளவேனும் இளகுவதால் அந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக் கூடத்தின் இர்வின், 1957 அளவில், விரிசல் முனையைச் சூழ்ந்த தகைவுப் புலம் முழுவதையும் ஒரே அளவால் குறிக்கலாம் என்று காட்டினார். தகைவுச் செறிவுக் காரணி என்னும் அந்த அளவு, வெளித்தகைவையும் விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவது. அது பொருளுக்கே உரிய ஓர் எல்லையை எட்டும்போது விரிசல் பாய்கிறது. அந்த எல்லையே முறிவெதிர்ப்புத் திறன். தகைவு, விரிசல் நீளம், முறிவெதிர்ப்புத் திறன் என்ற மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிடலாம் என்பதுதான் இதன் புரட்சி. ஊசல் ஒருபோதும் தர இயலாத விடை இது.

ஏவுகணைகளின் மெல்லிய, மிகு வலிமை கொண்ட எஃகுக் கூடுகளுக்கு இக்கோட்பாடு நன்கு பொருந்தியது. பற்றவைத்த சாதாரணக் கட்டுமான எஃகுக்கோ ஒரு பெருந்தடை இருந்தது. சோதனை செல்லுபடியாக வேண்டுமானால் விரிசல் முனையின் இளகிய பகுதி துண்டின் அளவோடு ஒப்பிட மிகச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதால், துண்டின் தடிமன், முறிவெதிர்ப்புத் திறனை இளகுதகைவால், அதாவது எஃகு இளகத் தொடங்கும் தகைவால், வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது என்று நெறி வகுக்கப்பட்டது. இளகுதகைவு 350 மெகாபாஸ்கலும், முறிவெதிர்ப்புத் திறன் 150 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டரும் உள்ள நல்ல எஃகொன்றுக்கு இக்கணக்கின்படி 46 செ.மீ. தடித்த துண்டு வேண்டும். 25 மி.மீ. தகட்டில் கட்டப்படும் பாலத்துக்கு இத்தகைய சோதனையால் பயனில்லை.

இந்த முட்டுக்கட்டையைத் தீர்த்தவர், கேம்பிரிட்ஜுக்கு அருகே ஆபிங்டனில் இயங்கிய பிரிட்டிஷ் வெல்டிங் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த ஆலன் வெல்ஸ். 1950களில் அவர் நடத்திய அகல்தகட்டுச் சோதனைகளில், பற்றவைப்பதற்கு முன்பே தகட்டின் விளிம்பில் ரம்பத்தால் சிறு காடி வெட்டப்பட்டு, பின்பு அதன் மேல் பற்றவைக்கப்பட்ட முழுத் தடிமன் தகடுகள் பெரும் இழுவிசைக் கருவியில் இழுக்கப்பட்டன. பற்றவைத்தபடியே விடப்பட்ட தகடுகள் குளிரில் மிகக் குறைந்த தகைவிலேயே பிளந்தன. பற்றவைத்த பின் உலையில் சூடாக்கி எஞ்சு தகைவு தணிக்கப்பட்ட தகடுகள் அவ்வாறு பிளக்கவில்லை. துறையில் அசையாது நின்ற கப்பல் உடைந்த புதிர் ஆய்வகத்தில் மறுபடியும் நிகழ்த்திக் காட்டப்பட்டது இவ்வாறுதான். பற்றவைப்பின்போது காடியின் முனையில் எஃகு சூட்டிலேயே இளகித் திரிந்து நொறுங்குதன்மை அடைவதும் இதற்கு உடந்தை என்பதும், உலைச் சூடு அந்தச் சேதத்தையும் சீர்செய்கிறது என்பதும் பின்னர் விளங்கின.

உடைவதற்கு முன் விரிசலின் இரு முகங்களும் சற்றே விலகுவதையும், கூரிய முனை மழுங்குவதையும் வெல்ஸ் கவனித்தார். அந்த விலகலின் அளவையே பொருளின் தாங்கும் எல்லையாகக் கொள்ளலாம் என்று 1961இல் அவர் முன்வைத்த கருத்து, விரிசல் முனைத் திறப்புச் சோதனையாக வளர்ந்து, சி.டி.ஓ.டி. என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. கட்டுமானத்தில் உள்ள அதே தடிமனில் துண்டு வெட்டப்படுகிறது. காடியின் அடியில் ஆயிரக்கணக்கான சிறு சுமைச் சுழற்சிகளால் உண்மையான அயர்ச்சி விரிசல் வளர்க்கப்படுகிறது. பின்பு குறித்த வெப்பநிலையில் துண்டு மெல்ல வளைக்கப்பட்டு, காடியின் வாயில் பொருத்திய அளவி விரிசல் திறப்பைப் பதிவு செய்கிறது. இளகல் எவ்வளவு நேர்ந்தாலும் அளவீடு செல்லும் என்பதே இதன் சிறப்பு. 1979இல் இதற்கெனப் பிரிட்டிஷ் தரநெறி வெளிவந்தது; அடுத்த ஆண்டே, பற்றில் கண்ட குறையை விட்டுவைக்கலாமா, வெட்டியெடுத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டுமா என்று கணக்கிட்டு முடிவு செய்யும் வழிகாட்டி ஆவணமும் வந்தது. தேவையற்ற பழுதுபார்ப்பே சில நேரம் புதிய விரிசலுக்கு வித்தாகும் என்பதால் இந்த வழிகாட்டியின் பயன் பெரிது.

பற்றவைத்த இணைப்பில் இரு சோதனைகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கூர்மையாகிறது. சார்ப்பித் துண்டு வேகமாக அடிபடுவதால் எஃகு உள்ளதைவிடக் குளிர்ந்ததுபோல் நடந்துகொள்கிறது. அதாவது சோதனை கடுமையாகிறது. மறுபுறம், துண்டு சிறிது, காடி மழுங்கல் என்பதால் சோதனை இளகுகிறது. நடுத்தரத் தடிமனுள்ள மென்னெஃகில் இந்த இரு பிழைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன என்பதுதான் ஊசல் இத்தனை காலம் நம்பிக்கையைக் காத்ததன் உண்மைக் காரணம். தடித்த தகட்டில் அந்த ஈடு குலைந்துவிடுகிறது. வெப்பம் பாதித்த பகுதியிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. பல அடுக்காகப் பற்றவைக்கும்போது ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைத் திரும்பச் சுடுவதால், படிகம் பெருத்த நொறுங்கும் திட்டுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஆங்காங்கே தங்கிவிடுகின்றன. சார்ப்பிக் காடியின் கீழுள்ள 8 மி.மீ. உலோகம் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சராசரியாக்கிக் காட்டும். முழுத் தடிமன் சோதனையில் அயர்ச்சி விரிசலின் முனை அத்தகைய திட்டொன்றைத் தொட்டாலே துண்டு முறிந்துவிடும். இதனால் ஒரே இணைப்பிலிருந்து எடுத்த துண்டுகளே பெரிதும் மாறுபட்ட விடைகள் தரும். முனை உண்மையில் எங்கே நின்றது என்பதை உறுதிசெய்ய, உடைந்த துண்டை மேலும் வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். எஞ்சு தகைவு அயர்ச்சி விரிசலைக் கோணலாக வளரச்செய்வதால், சோதனைக்கு முன்பே துண்டின் பக்கங்களைத் தடிமனில் ஒரு விழுக்காடு அளவுக்கு அழுத்தி அத்தகைவைச் சமன்செய்யும் முறையும் தேவைப்பட்டது. வடகடல் எண்ணெய்த் தளங்கள் இந்தச் செலவையெல்லாம் ஏற்றன. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் 0.25 மி.மீ. திறப்பு என்ற கோரிக்கை அங்கே பழகிப்போன ஒன்றாயிற்று.

எல்லாத் தொழிற்கூடங்களும் இவ்வளவு செலவை ஏற்க முடியாது என்பதால், ஊசலின் எண்ணிலிருந்து முறிவெதிர்ப்புத் திறனை மதிப்பிடும் முயற்சிகள் தொடர்ந்தன. அவற்றுள் உறுதியானது பின்லாந்தின் கிம் வாலின் 1980களில் உருவாக்கிய முதன்மை வளைகோடு. கட்டுமான எஃகுகள் அனைத்துக்கும் மாறுநிலைப் பகுதியில் வளைகோட்டின் வடிவம் ஒன்றே, வெப்பநிலை அச்சில் அது நிற்கும் இடம் மட்டும் மாறும் என்பதும், சிதறலைப் புள்ளியியலால் முன்கூட்டியே கணக்கிடலாம் என்பதும் அதன் அடிப்படை. ஐரோப்பியக் கட்டுமான நெறிகள் இன்று ஒவ்வொரு தரத்து எஃகையும் எவ்வளவு தடிமன் வரை பயன்படுத்தலாம் என்று தரும் அட்டவணைக்குப் பின்னால் முறிவு இயக்கவியல் கணக்கே இருக்கிறது. வாங்குவோர் பார்ப்பதோ சார்ப்பி எண்ணை மட்டும். இந்தியாவின் ஐ.எஸ். 2062 தரநெறியிலும் ஒரே வலிமையுள்ள எஃகு, மோதல் சோதனை எந்த வெப்பநிலையில் செய்யப்பட்டது என்பதைக் கொண்டு பி.ஆர்., பி.ஓ., சி என்று உள்தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. முறையே அறை வெப்பநிலை, 0 டிகிரி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி. ஏ என்ற உள்தரத்துக்கு அச்சோதனை கட்டாயமில்லை. விலையை மட்டும் பார்த்து அதைத் தடித்த இணைப்புகளுக்கு வாங்குவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

புதிய சோதனை முதிர்ந்துவிட்டதால் பழையதை இனிப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று எண்ணுவதற்கு இடமில்லை என்பதை 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் நார்த்ரிட்ஜில் நேர்ந்த நிலநடுக்கம் காட்டியது. அசைவைத் தாங்கி வளையும் என்று நம்பி வடிவமைக்கப்பட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்கள் இடிந்து விழவில்லை. ஆனால் தீக்காப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் பற்றுகள் நொறுங்கிப் பிளந்திருந்தன. பற்றவைப்பின்போது அடியில் வைத்து அகற்றாமல் விடப்பட்ட தாங்குபட்டை ஒவ்வோர் இணைப்பிலும் ஆயத்தமான விரிசலாக அமைந்திருந்தது. அங்கே பெரிதும் பயன்பட்ட கம்பிவகைப் பற்றுலோகத்துக்கு முறிவெதிர்ப்புத் திறன் சோதனை ஒருபுறம் இருக்கட்டும், சார்ப்பிச் சோதனைகூட விதிக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னர் அமெரிக்காவில் வெளியான பரிந்துரைகள் நிலநடுக்கப் பகுதிச் சட்டகங்களின் பற்றுலோகம் உறைநிலைக்குக் கீழே 29 டிகிரியில் 27 ஜூலும், உறைநிலைக்கு மேலே 21 டிகிரியில் 54 ஜூலும் தர வேண்டும் என்று விதித்தன. இரண்டும் 1901இல் சார்ப்பி விவரித்த ஊசலால் அளக்கப்படுபவையே.